கிணற்று நீரில் குரோமியம் "இல்லை" என்கிறது அறிக்கை. நிலம் ஏன் இப்படி இறுகிப்போகிறது?

மேட்டுக்கொல்லை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்றிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நிலமும் ஒரு திறந்த கிணறும் இருக்கின்றன. தாத்தா காலத்தில் நெல்லும் கரும்பும் விளைந்த நிலத்தில் இப்போது தென்னை மட்டுமே ஏதோ நிற்கிறது. அதுவும் குரும்பை உதிர்க்கிறது. தோல் தொழிற்சாலைகளின் குரோமியம் எங்கள் கிணற்றில் இறங்கிவிட்டது என்று ஊரில் எல்லோரும் சொல்வதால், சென்ற மாதம் ஒரு தனியார் ஆய்வகத்தில் நீரைச் சோதித்தேன். வந்த எண்கள், லிட்டருக்கு மில்லிகிராமில்: கரைந்த திடப்பொருள் 3,080, குளோரைடு 1,460, சோடியம் 720, மொத்தக் கடினத்தன்மை 1,150, நைட்ரேட் 62, மொத்தக் குரோமியம் "0.03-க்குக் கீழ்". பி.எச். (அமில-கார அளவு) 7.6.

குரோமியம் இல்லை என்று வந்திருப்பதை நம்பி நிம்மதி அடைவதா, ஆய்வகம் எதையோ கோட்டைவிட்டது என்று கொள்வதா? குரோமியம் இல்லையென்றால், மழை பெய்த மறுநாள் என் நிலத்தின் மேல் சிமெண்டு பூசியதுபோல் ஓடு கட்டுவது எதனால்?

---

சோதனைக்குழாய் எழுதியது:

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். "0.03-க்குக் கீழ்" என்றால் "இல்லை" என்று பொருளன்று; அந்தக் கருவியால் அதற்குக் கீழே பிரித்தறிய முடியவில்லை என்று மட்டுமே பொருள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) மொத்தக் குரோமியத்துக்கு 0.05 மி.கி. என்ற வரம்பை வைத்திருப்பதால், முறையாக எடுக்கப்பட்ட மாதிரியில் 0.03-க்குக் கீழ் வந்திருந்தால் அது நல்ல செய்திதான். என் ஐயம் "முறையாக எடுக்கப்பட்ட" என்ற அந்த இரண்டு சொற்களைப் பற்றியது.

நீரை எந்தப் பாட்டிலில் எடுத்தீர்கள், அதில் அமிலம் ஏதும் விட்டார்களா, எடுத்த எத்தனையாவது நாளில் ஆய்வகத்தில் கொடுத்தீர்கள்? இந்த மூன்றையும் சொன்னால்தான் அந்த எண்ணைப் படிக்க முடியும்.

---

மேட்டுக்கொல்லை எழுதியது:

தண்ணீர் வாங்கிக் குடித்த பிளாஸ்டிக் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன், அம்மா. அமிலம் எதுவும் விடவில்லை. இடையில் ஒரு திருமணம் வந்துவிட்டதால் ஆறு நாள் வீட்டில் சமையலறை அலமாரியில் இருந்தது.

---

சோதனைக்குழாய் எழுதியது:

உண்மையை மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. என்னிடம் வந்த மாதிரிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் வந்தன. கொண்டுவந்தவர்களில் பலர் சொல்லவில்லை என்பதுதான் வேறுபாடு.

உலோகங்களைச் சோதிக்க வேண்டிய நீரில் எடுத்த உடனே நைட்ரிக் அமிலம் விட்டுப் பி.எச். அளவை 2-க்குக் கீழே இறக்க வேண்டும். விடாவிட்டால், கரைந்திருந்த உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நீரில் இருக்கும் இரும்பு துருவாகிப் படியும்போது குரோமியத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அடியில் தங்கிவிடும். ஆய்வகத்தில் மேலே தெளிந்த நீரை எடுத்துச் சோதித்தால் குறைவாகத்தான் வரும்.

குரோமியம் இரண்டு வடிவங்களில் வரும். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் சல்பேட்டில் இருப்பது மூன்று இணைதிறன் கொண்டது. அதைக் குரோமியம்-3 என்று வைத்துக்கொள்வோம். புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்படும் நச்சு வடிவம் குரோமியம்-6. இந்த இரண்டாவதைத் தனியாக அளக்க வேண்டுமானால், மேலே சொன்ன அமிலத்தை விடவே கூடாது. அமிலத்தில் குரோமியம்-6 எளிதாக ஒடுங்கிக் குரோமியம்-3 ஆகிவிடும். நுண்வடியில் வடிகட்டி, காரத் தாங்கல் கரைசல் விட்டுப் பி.எச். அளவை 9.3-க்கு மேல் வைத்துக் குளிரூட்டி அனுப்ப வேண்டும். ஆய்வகத்தில் டைஃபீனைல் கார்பசைடு என்ற வினைப்பொருளை விட்டதும், குரோமியம்-6 இருந்தால் நீர் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம் கொள்ளும். அந்த நிறத்தின் அடர்வை 540 நானோமீட்டரில் அளப்பார்கள். ஆக, ஒரே கிணற்றிலிருந்து இரண்டு பாட்டில், இரண்டு எதிரெதிரான பாதுகாப்பு முறை. ஒரே பாட்டிலில் இரண்டையும் சோதித்துத் தருவதாக யாராவது சொன்னால் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

உங்கள் அறிக்கையின் குரோமிய வரியை நான் ஒதுக்கிவைப்பேன். சோடியமும் குளோரைடும் ஆறு நாளில் எங்கும் ஓடிவிடாதவை. அந்த எண்களை நம்பலாம்.

---

பாறைநீர் எழுதியது:

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் மாதிரியைச் சரியாக எடுத்திருந்தாலும் ஆம்பூர்ப் பக்கக் கிணற்றில் குரோமியம் மிகுதியாக வந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஊரார் சொல்வதற்கு மாறாக இருப்பதால் காரணத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

உங்கள் நிலத்தடியில் இருப்பது சார்னோக்கைட்டு, நைஸ் வகைக் கடினப் பாறை. அதன் மேல் சில மீட்டர் சிதைந்த பாறை, ஆற்றை ஒட்டி மணல் படிவு. பாறைகளின் சிதைந்த பகுதியிலும் வெடிப்புகளிலும்தான் நீர் நகர்கிறது. கழிவுநீரில் வரும் குரோமியம்-3, உங்கள் கிணற்று நீரைப்போல நடுநிலையோ சற்றுக் காரமோ ஆன சூழலில் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும் அல்லது களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் தோல் கழிவு ஓடிய வாய்க்கால்களின் வண்டலிலும் மேல் மண்ணிலும் குரோமியம் குவிந்து கிடக்கும்போதே, பக்கத்துக் கிணற்று நீரில் அது அரிதாகத் தென்படுகிறது.

இராணிப்பேட்டைக் கதை வேறு. அங்கே சிப்காட் வளாகத்தில் 1970-களின் நடுவிலிருந்து இருபது ஆண்டுகள் இயங்கிய குரோமேட் ஆலை, குரோமியத் தாதுவைச் சோடாவோடு வறுத்துச் சோடியம் பைகுரோமேட்டு செய்தது. ஆலை மூடப்பட்டபோது இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு திறந்த வெளியில் குவியலாக நின்றது. அந்தக் குவியல் மிகுந்த காரத்தன்மை கொண்டது, அதிலிருப்பது குரோமியம்-6. அது எதிர்மின்னேற்றம் உள்ள குரோமேட்டாகக் கரைவதால், அதே மின்னேற்றம் கொண்ட களிமண் அதைப் பிடித்துவைப்பதில்லை, நீரோடு போகிறது. மழைக்குப் பிறகு அங்கே தேங்கும் நீர் மஞ்சளாக இருப்பதையும், காய்ந்த சுவர்களின் அடியில் மஞ்சள் உப்புப் பூப்பதையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இரண்டு இடங்களையும் "தோல் தொழிற்சாலைக் குரோமியம்" என்ற ஒரே பெயரில் பத்திரிகைகள் எழுதிவருவதால்தான், ஆம்பூர் விவசாயி குரோமியத்தைத் தேடி அலைகிறார். கண்ணெதிரே 1,460 என்று அச்சாகியிருக்கும் குளோரைடை யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்று: நைட்ரேட் 62 என்பது வரம்பான 45-ஐத் தாண்டியிருக்கிறது. அதை எடுத்த எடுப்பில் தோலின் கணக்கில் எழுதிவிட முடியாது; சாக்கடையையும் யூரியாவையும் முதலில் பார்க்க வேண்டும். உப்பிலும் ஒரு பங்கு ஊர்ச் சாக்கடையிலிருந்து வந்திருக்கலாம். ஆண்டின் பெரும்பகுதி பாலாறு வறண்டே கிடப்பதால், எது வந்து சேர்ந்தாலும் நீர்த்துப்போக வழியில்லை.

---

நீலத்தோல் எழுதியது:

முப்பத்தோரு ஆண்டுகள் டேனரியில் தொழில்நுட்பப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் உப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

உப்பு எங்கே வருகிறது என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. அறுத்த தோல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். அதனால் அறுத்த இடத்திலேயே தோலின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பைத் தூவி, மடித்து, அடுக்கி, லாரியில் அனுப்புகிறார்கள். அந்த உப்புத் தோல் இங்கே வந்ததும் முதல் வேலை ஊறப்போட்டு உப்பை இறக்குவது. அந்த ஊறல் நீர்தான் முழுத் தொழிலிலும் உப்பு மிகுந்த நீர். அதில் ஒரு துளிக் குரோமியம்கூட இருக்காது, ஏனென்றால் குரோமியம் டிரம்மில் சேர்வது சுண்ணாம்பும் அமிலமும் கடந்த பிறகு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்திலும் இந்த உப்பு இருந்தது. 1970-களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி முழுப்பதத் தோலாக அனுப்பும்படி அரசு தள்ளியபோது குரோமியப் பதனிடல் பெருகியது. ஊறவைக்கும் தோலின் அளவும் அதோடு பெருகியது.

குரோமியத்துக்குத் தீர்வு இருக்கிறது. கழிவில் மக்னீசியம் ஆக்சைடு விட்டு அதைப் படியவைத்து, கந்தக அமிலத்தில் மீண்டும் கரைத்துத் திரும்பப் பயன்படுத்தும் முறையை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பியது, நாங்களும் செய்தோம். கரைந்த உப்பைப் படியவைக்க எந்த மருந்தும் இல்லை. எதிர்ச் சவ்வூடுபரவலில் (ஆர்.ஓ.) நீரைப் பிழிந்து எடுத்து, மிச்சத்தைக் கொதிகலனில் வற்றவைத்தால் கடைசியில் கையில் நிற்பது கலப்பு உப்பு மூட்டை. அதை வாங்க ஆளில்லாமல் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எனவே எல்லாப் பழியையும் தொழிற்சாலைகள் தலையில் போடுவதற்கு முன்...

---

கரையோரம் எழுதியது:

மன்னிக்க வேண்டும், ஐயா. உப்பு எங்கே வருகிறது என்று நீங்கள் விளக்கியது நேர்மையாக இருந்தது. கடைசி வரியில் மட்டும் தடம் மாறிவிட்டீர்கள். வற்றவைக்கும் கொதிகலன் வந்தது எப்போது? 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தபோது, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கொடுத்த கணக்கைத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது: ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றதாகிவிட்டது. அதுவரை ஊறல் நீர் போன இடம் ஏரியும் ஓடையும் தவிர வேறில்லை. அதே வேலூர் விவகாரத்தில் 2025 சனவரியில் மீண்டும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டி வந்ததே போதும், இடைப்பட்ட காலம் எப்படிப் போனது என்று காட்ட.

---

நீலத்தோல் எழுதியது:

1996-க்கு முன் ஓடையில் விட்டது உண்மை. நானும் அதே வாய்க்காலைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். மறுக்கவில்லை.

---

மண்கட்டி எழுதியது:

வழக்கு விவாதத்தைத் தனி இழைக்கு மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். இழையைத் தொடங்கியவர் ஓடு கட்டுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறார், அதற்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. விடை அவருடைய அறிக்கையிலேயே இருக்கிறது. ஒரு தாளும் பேனாவும் போதும்.

மில்லிகிராம் கணக்கை, ஒப்பிடத் தகுந்த மில்லிசமானமாக (எடைக்குப் பதிலாக மின்னேற்றத்தை எண்ணும் அலகு) மாற்றுவோம். சோடியம் 720-ஐ 23-ஆல் வகுத்தால் 31.3. குளோரைடு 1,460-ஐ 35.5-ஆல் வகுத்தால் 41.1. கடினத்தன்மை 1,150-ஐ 50-ஆல் வகுத்தால் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து 23.

இப்போது பாருங்கள். சாப்பாட்டு உப்பு என்பது ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரைடு. உப்பு கரைந்த நீர் கிணற்றுக்கு வந்திருந்தால் இரண்டும் ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும்; இங்கே சோடியம் பத்து குறைகிறது. குளோரைடு மண்ணில் எதனோடும் ஒட்டாமல் நீரோடு வந்துவிடும். சோடியமோ வரும் வழியில் களிமண்ணில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அங்கே இருந்த கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கீழே தள்ளிவிடும். தள்ளப்பட்டவை கிணற்றில் கடினத்தன்மையாகத் தெரிகின்றன. பாறை சிதைவதாலும் கடினத்தன்மை வரும் என்பதால் 1,150 முழுவதையும் இதன் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் அந்தக் காணாமல் போன பத்து எங்கே என்று கேட்டால், மண்ணில் என்றுதான் சொல்வேன். கிணற்று மேட்டிலிருந்து தென்னையடி வரை எல்லா மண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக அதை வாங்கியிருக்கிறது.

அடுத்தது சோடியம் ஈர்ப்பு விகிதம், அதாவது கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட நீரில் சோடியம் எவ்வளவு மிகுதி என்று காட்டும் எண். 23-இல் பாதி 11.5, அதன் வர்க்கமூலம் 3.4, 31.3-ஐ அதனால் வகுத்தால் 9-க்குச் சற்று மேல். இந்த நீரைப் பாய்ச்சிக்கொண்டிருக்கும் வரை மண்ணுக்கு ஒன்றும் ஆகாததுபோல் தெரியும், ஏனென்றால் நீரில் இருக்கும் மிகுதியான உப்பே களித்துகள்களைச் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். உப்பே இல்லாத மழைநீர் விழுந்த அன்று அந்தப் பிடி விட்டுப்போகிறது. சோடியம் ஏறிய களி தூள்தூளாகப் பிரிந்து, நுண்துளைகளில் போய் அடைத்துக்கொண்டு, வெயில் பட்டதும் ஓடாக இறுகுகிறது. கிணற்று நீர் பாயும்போது தெரியாத கோளாறு நல்ல மழையில் வெளிப்படுவது இதனால்தான். "மழை பெய்துதான் நிலம் கெட்டது" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

நம்பாவிட்டால் சோதித்துப் பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் மழைநீரையும் இன்னொன்றில் உங்கள் கிணற்று நீரையும் ஊற்றி, சுண்டைக்காய் அளவுள்ள காய்ந்த மண்கட்டியை ஒவ்வொன்றிலும் மெதுவாக இறக்குங்கள். கலக்காதீர்கள், அசைக்காதீர்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

---

கீரைப்பாத்தி எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. எங்கள் பகுதியில் சுத்திகரிப்பு நிலையச் சகதியை "எரு" என்று சொல்லிச் சிலர் வயலில் கொட்டியிருக்கிறார்கள். தோல் துணுக்கைச் சிலர் அடுப்பெரிக்கவும் எடுத்துப்போகிறார்கள். குரோமியம்-3 நகராது, ஆபத்துக் குறைவு என்றால் இவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லையா?

---

சோதனைக்குழாய் எழுதியது:

கவலைப்பட வேண்டும், குறிப்பாக எரிப்பதைப் பற்றி. பதனிட்ட தோலில் குரோமியம்-3 இருக்கிறது. சுண்ணாம்பு போன்ற காரப்பொருளோடு சேர்த்துக் காற்றுப் படும்படி எரித்தால் அதில் ஒரு பகுதி குரோமியம்-6 ஆகிறது. குரோமேட்டு ஆலை உலையில் செய்வதும் ஏறத்தாழ அதுவே. அந்தச் சாம்பலைக் கையால் அள்ளிப் பாத்திரம் துலக்குவதையோ கீரைப் பாத்தியில் தூவுவதையோ உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

வயலில் கொட்டிய சகதியைப் பற்றி உறுதியாக ஒரு வரியில் சொல்ல முடியாது. மண்ணில் இருக்கும் மாங்கனீசு ஆக்சைடு, குரோமியம்-3-இல் ஒரு சிறு பங்கைக் குரோமியம்-6 ஆக மாற்றவல்லது. மண்ணிலுள்ள மட்கிய பொருளும் இரும்பும் அதைத் திரும்பக் குரோமியம்-3 ஆக ஒடுக்கும். எது மிகுதி என்பது மண்ணுக்கு மண் மாறும். இந்த மாற்றத்தை 1979-இல் பார்ட்லெட், ஜேம்ஸ் என்ற இருவர் காட்டினார்கள். அதுவரை மற்றவர்கள் தவறவிட்டதற்கான காரணம் எனக்கு மிகவும் பிடித்தது: மண் மாதிரியைக் காயவைத்துச் சலித்துச் சோதிப்பது வழக்கம், காய்ந்த மண்ணில் இந்த வினை மங்கிவிடுகிறது. ஈரம் மாறாத மண்ணை அப்படியே எடுத்துச் சோதித்தபோதுதான் தெரிந்தது. ஆகவே சகதி கொட்டிய வயலைச் சோதிப்பவர்கள் ஈர மண்ணையே பையில் கட்டி, குளிரில் வைத்து அனுப்பவும். கீரையைப் பொறுத்தவரை, பயிர் எடுத்துக்கொள்ளும் குரோமியத்தில் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும். இலையின் மேல் ஒட்டிய மண்ணை நன்றாக அலசுவது அதைவிட முக்கியம்.

---

மேட்டுக்கொல்லை எழுதியது:

டம்ளர் சோதனை செய்தேன். மழைநீருக்கு, போன வாரம் மாடியில் பாத்திரம் வைத்துப் பிடித்ததைப் பயன்படுத்தினேன். கிணற்று நீரில் போட்ட கட்டி உடைந்து சின்னச் சின்னத் துண்டாக அடியில் கிடக்கிறது. மேலே நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. மழைநீரில் போட்டதைச் சுற்றி முதல் கால் மணி நேரத்திலேயே பால் கலந்ததுபோல் ஒரு வளையம் கிளம்பியது. இரண்டு மணி நேரத்தில் டம்ளரின் மறுபக்கம் தெரியவில்லை. மறுநாள் காலையிலும் தெளியவில்லை. என் மகள் இரண்டு டம்ளரையும் பார்த்துவிட்டு, "கிணற்றுத் தண்ணீர்தானே நல்லது?" என்று கேட்டாள். அவளுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

இனி என்ன செய்யலாம்?

---

மண்கட்டி எழுதியது:

களியில் உட்கார்ந்திருக்கும் சோடியத்தை எழுப்பக் கால்சியம் வேண்டும். மலிவான கால்சியம் ஜிப்சம். எவ்வளவு என்பதை மண் சோதனையில் வரும் ஜிப்சத் தேவையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர் போட்ட அளவை நீங்களும் போடாதீர்கள். காலம் முக்கியம்: வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஐப்பசி பிறப்பதற்குள் மேல் மண்ணில் தூவிவிடுங்கள். மழைநீர் ஜிப்சத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது, ஓடு கட்டுவதற்குக் காரணமான அந்த "உப்பில்லாமை" நீங்கும். வெளியேறிய சோடியத்தையும் அந்த மழையே கீழே அடித்துக்கொண்டு போகும். வடிகால் இல்லாமல் நீர் தேங்கினால் போட்ட ஜிப்சம் வீண். முதலில் வரப்போரத்து வாய்க்காலைத் தூர்வாருங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இது மேல் மண்ணுக்கான மருத்துவம். அதே கிணற்று நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் சோடியம் மீண்டும் ஏறும். ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டிவரும்.

---

பாறைநீர் எழுதியது:

குடிப்பதற்கு அந்தக் கிணற்றை நிறுத்திவிடுங்கள். கரைந்த திடப்பொருளுக்கு மாற்று வழி இல்லாதபோது அனுமதிக்கும் உச்ச வரம்பே 2,000-தான். கொதிக்கவைப்பதால் உப்பு குறையாது; நீர் வற்றுவதால் கூடவே செய்யும். ஒரே ஒரு மாதிரியை வைத்துக் கிணற்றைப் பற்றித் தீர்ப்பு எழுதவும் வேண்டாம். சித்திரையில் ஒன்று, மழை முடிந்து தையில் ஒன்று என்று எடுங்கள். ஒவ்வொரு முறையும் கிணற்றின் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் எழுதிவையுங்கள். மட்டம் ஏறும்போது உப்பு குறைகிறதா, கூடுகிறதா என்பதைப் பார்த்தால், உப்பு இன்னும் வெளியிலிருந்து வருகிறதா, மேலே காய்ந்து கிடக்கும் பழைய உப்பு மழையில் இறங்குகிறதா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

---

மேட்டுக்கொல்லை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு பாட்டில் வாங்கிவிட்டேன். சோதனைக்குழாய் அம்மா சொன்னபடி ஒன்றில் அமிலம் விட்டும் மற்றதில் காரத் தாங்கல் விட்டும் தர ஆய்வகத்தில் ஒப்புக்கொண்டார்கள், முதலில் கொஞ்சம் முகத்தைச் சுளித்தாலும். கிணற்றுச் சுவரில் அடிக்கு ஒரு கோடாகப் பெயிண்டால் குறித்துவிட்டேன். இன்றைக்கு நீர் இருபத்தேழாவது கோட்டில் நிற்கிறது. தையில் அடுத்த அறிக்கை வந்ததும் இதே இழையில் எண்களைப் பதிவிடுகிறேன்.

---

நீலத்தோல் எழுதியது:

தம்பி, வாய்க்கால் தூர்வாரும் அன்று சொல்லுங்கள். நான் வாணியம்பாடியில்தான் இருக்கிறேன்; வருகிறேன்.